மழை நனைச்சதா, நீ நனைச்சியா?

2008 ஆடி மாதம். சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி ஏவாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கு என்று பெயர்தான். பில் போடுவது, லாரி பிடிப்பது, வடக்கே இருக்கும் பார்ட்டிகளுக்கு இங்கிலீஷில் மெயில் அடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கடையில் பி.காம். படித்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் இங்கிலீஷ் என் தலையில் விழுந்தது.

மகாராஷ்டிராவுக்குக் கிளம்பிய லோடு ஒன்று ஹூப்ளி பக்கம் நல்ல மழையில் மாட்டிக்கொண்டது. தார்ப்பாய் ஒரு ஓரம் கிழிந்து, மேலடுக்கில் 20 மூட்டை நனைந்துவிட்டதாக டிரைவர் போன் செய்தார். "லோடு போய்ச் சேர்றதுக்குள்ள நாமளே சொல்லிட்டா மரியாதை. ஒரு மெயிலைப் போட்டுடுப்பா" என்றார் முதலாளி. போட்டேன். மூன்றே வரி. நடுவரி இது: ‘ட்வென்டி பேக்ஸ் வேர் வெட்டட் பை அஸ்.’

அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். இலக்கணம் சுத்தமாக இருப்பதாகவே நினைப்பு.

நான்காம் நாள் டெபிட் நோட் வந்தது. மூட்டைக்கு 90 கிலோ வீதம் 20 மூட்டைக்கும் முழுப்பணத்தையும் கழித்திருந்தார்கள். உங்கள் மெயிலில் நீங்களே ஒப்புக்கொண்டபடி என்று கீழே ஒரு குறிப்பு வேறு. முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் 30 வருட ஏவாரத்தில் இந்தி தண்ணிபட்ட பாடு. போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். எடை கூட்டுவதற்காக நாங்களே தண்ணீர் தெளித்து அனுப்பினோம், பிறகு பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அந்தப் பார்ட்டி புரிந்துகொண்டிருக்கிறார். ரிசீவரை வைத்துவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, மூட்டைய மழை நனைச்சதா, நீ நனைச்சியா?"

பேசிப் பேசிப் பாதிப் பணத்தை மீட்டார். மீதி நஷ்டத்தில் ஒரு பங்கு என் சம்பளத்தில் மாதம் 300 ரூபாயாக ஐந்து மாதம் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பணத்தைவிட அந்தக் கேள்விதான் குடைந்தது. ‘பை அஸ்’, அதாவது ‘எங்களால்’, எங்கிருந்து வந்தது? நாங்கள் நனைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் கை தானாக அதை அடித்தது?

பத்தாம் வகுப்பு டியூஷனிலிருந்து வந்தது. எங்கள் சார் ஆக்டிவ், பாசிவை ஒரு சட்டையைத் திருப்பிப் போடுவது மாதிரி சொல்லிக்கொடுத்தார். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு, நடுவில் ‘வாஸ்’ போடு, வினைக்கு மூன்றாம் வடிவம் போடு, கடைசியில் ‘பை’ போடு. ‘பை’ இல்லாமல் முடித்தால் அரை மார்க் போச்சு என்பார். ‘ராமு கில்ட் எ ஸ்நேக்.’ ‘எ ஸ்நேக் வாஸ் கில்ட் பை ராமு.’ அந்த வருடம் மட்டும் ஒரே பாம்பு நூறு தடவை செத்திருக்கும். ஏன் திருப்ப வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதையே செய்வினை, செயப்பாட்டுவினை என்று நடத்தும் தமிழ் வகுப்பிலோ வேறு கதை. ‘செய்வினை’ என்று பலகையில் எழுதியதுமே பின்பெஞ்சில் எலுமிச்சம்பழம், தகடு என்று சிரிப்பு கிளம்பிவிடும். ‘செயப்பாட்டுவினை’ வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆக, கடைசியில் ‘பை’ வராத வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குப் பட்டன் போடாத சட்டை மாதிரி இருக்கும். யாரையாவது கொண்டுவந்து மாட்டியாக வேண்டும். மழையை மாட்டியிருக்கலாம். மெயில் எழுதுவது நாங்கள்தானே என்று ‘அஸ்’ஸை மாட்டிவிட்டேன். தமிழில் பை என்றால் மூட்டை, இங்கிலீஷில் பை என்றால் ஆள். இரண்டும் ஒன்றாக நனைந்தது அன்றைக்குத்தான்.

இதற்கு வைத்தியம் கிடைத்தது ஒரு தமிழய்யாவிடம். சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் தெருவில் இருந்தவர், ஓய்வுபெற்றவர், மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் என் கதையைப் புலம்பினேன். சிரிக்கவில்லை. மூன்று வாக்கியம் சொல்லச் சொன்னார். மூட்டை நனைந்தது. மூட்டையை நனைத்தார்கள். மூட்டை நனைக்கப்பட்டது.

"முதல்ல இருக்கறது தன்வினை. அதுல செஞ்சவனே கிடையாது. ரெண்டாவதுல செஞ்சவன் இருக்கான், முன்னாடி நிக்கறான். மூணாவதுல செஞ்சவன் இருக்கான், ஆனா ஒளிஞ்சிட்டிருக்கான். ஆள் ஒளிஞ்சிருக்கறதும் ஆளே இல்லாததும் ஒண்ணா தம்பி? நீ ஆளே இல்லாத இடத்துக்கு ஒளிஞ்சிருக்கறவனப் போட்டு, அப்பறம் அவனக் கையப் பிடிச்சு வெளிய வேற இழுத்து விட்டிருக்கற."

அவ்வளவுதான் விஷயம். ‘மூட்டை நனைந்தது’ என்பதற்கு இங்கிலீஷில் பாசிவே தேவையில்லை. ‘ட்வென்டி பேக்ஸ் காட் வெட் இன் தி ரெயின்.’ முடிந்தது. நடந்த விபத்துக்குப் போய்ச் செயப்பாட்டுவினை போட்டதுதான் என் முதல் தப்பு. ‘பை அஸ்’ இரண்டாவது தப்பு.

அந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு நான் இங்கிலீஷ் இலக்கணத்தைத் தமிழ் வழியாகவே பார்க்க ஆரம்பித்தேன். இப்போது எட்டு வருடமாக மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாசிவ் பாடம் வந்தால் முதல் நாள் அட்டவணையைத் தொடுவதே இல்லை. வினையைப் பார்த்து ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேட்கச் சொல்வேன். கொன்றான் என்றால் எதை, பாம்பை. பதில் வருகிறது, அதனால் திருப்பலாம். தூங்கினான் என்றால் எதை? பதில் இல்லை. போனான், வந்தான், இறந்தான், நடந்தது எதற்கும் பதில் இல்லை. பதில் இல்லையென்றால் பாசிவ் இல்லை. நம் ஊரில் படித்தவர்களே ‘ஆக்சிடெண்ட் வாஸ் ஹேப்பண்ட்’ என்று எழுதுகிறார்கள். விபத்து நடந்தது, அதை யாரும் ‘நடத்த’வில்லை. ‘ஆன் ஆக்சிடெண்ட் ஹேப்பண்ட்’ போதும்.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம். பிள்ளைகள் அதிகமாகத் தப்புப் பண்ணுவதும் அங்கேதான்.

நாம் வீட்டில் ‘செய்யப்பட்டது’ என்று பேசுவதே இல்லை. ‘என்னால் சோறு சாப்பிடப்பட்டது’ என்று யாராவது சொன்னால் சாப்பிட்டது சோறுதானா என்று சந்தேகம் வரும். ‘பட்டது’ எல்லாம் பேப்பருக்கும் அரசாங்கக் கடிதத்துக்கும்தான். கைது செய்யப்பட்டார், ஒத்திவைக்கப்பட்டது. அதற்காகத் தமிழ்ப் பேச்சில் பாசிவ் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வேறு உடுப்பில் இருக்கிறது. ‘திட்டு வாங்கினேன்’ என்கிறோமே, அது என்ன? திட்டியவர் யாரோ, நான் வாங்கிக்கொண்டவன். ‘ஐ வாஸ் ஸ்கோல்டட்.’ அடி வாங்கினான், ஏமாந்து போனான், மாட்டிக்கிட்டான், எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

அதைவிட முக்கியமானது ‘போட்டிருக்கு’. வாசல்ல கோலம் போட்டிருக்கு. கதவு பூட்டியிருக்கு. பலகையில பேரு எழுதியிருக்கு. கோலம் தன்னைத்தானே போட்டுக்கொள்ளாது, கதவு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளாது. ஆனால் நாம் அப்படித்தான் பேசுகிறோம். இதைத் தமிழய்யாவிடம் கேட்டபோது அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குத்தான் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது, அதற்கு உரைகாரர்கள் ‘திண்ணை மெழுகிற்று’ என்று உதாரணம் காட்டுகிறார்கள் என்றார். தான் உட்கார்ந்திருந்த திண்ணையைத் தட்டிக் காட்டினார். அது சிமெண்டுத் திண்ணை. மெழுகி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

இந்தப் பழக்கம்தான் இங்கிலீஷில் நம்மை வாரி விடுகிறது. ‘பாலம் கட்டியிருக்கு’ என்று மனதில் ஓடும். கை ‘தி பிரிட்ஜ் ஹேஸ் பில்ட்’ என்று எழுதும். பாலம் எதையோ கட்டியிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ‘யுவர் ஆர்டர் ஹேஸ் டெஸ்பாட்ச்ட்’, ‘தி மீட்டிங் ஹேஸ் போஸ்ட்போண்ட்’ என்று ஆபீஸ் மெயில்களில் பார்க்கிறோமே, அத்தனையும் மெழுகிய திண்ணைகள்தான். தமிழில் அது மரபு, இங்கிலீஷில் ‘பீன்’ விட்டுப்போன பிழை. இதைப் புரியவைத்தால் பிள்ளைகள் ‘பீன்’னை மறப்பதில்லை. பொருள் முன்னால் நிற்கிறதா, அது தானாகச் செய்யாத வேலையா, அப்படியென்றால் ‘ஹேஸ்’ பக்கத்தில் ‘பீன்’ இருந்தே ஆகணும்.

‘பீயிங்’கும் ‘பீன்’னும் குழம்புவது அடுத்த தலைவலி. இதற்கு அஞ்சு ரோடு மேம்பாலம் எனக்குப் பெரிய உதவி செய்தது. வேலை நடந்த வருடங்களில் தூசிக்குள் பஸ்ஸில் வரும் பிள்ளைகளிடம் கேட்பேன், பாலம் என்ன ஆச்சு?

"கட்டிக்கிட்டே இருக்காங்கண்ணா."

‘தி பிரிட்ஜ் இஸ் பீயிங் பில்ட்.’ ‘-க்கிட்டே இருக்கு’ என்று வந்தால் ‘பீயிங்’. பிறகு ஒருநாள் "கட்டியாச்சு" என்று பதில் வந்தது. ‘ஹேஸ் பீன் பில்ட்.’ இந்த ‘ஆச்சு’ இருக்கிறதே, அதற்கு ஆளே வேண்டாம். பில் போட்டாச்சு, சாப்பாடு கட்டியாச்சு, பணம் கொடுத்தாச்சு. நானா, நீயா, அவனா, ஒன்றும் சொல்லாது. ‘ஹேஸ் பீன்’ என்பதற்கு இவ்வளவு நெருக்கமான சொல்லை வைத்துக்கொண்டு நாம் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரே ஒரு எச்சரிக்கை. தேதியோ வருடமோ வந்துவிட்டால் ‘ஹேஸ் பீன்’ போடக் கூடாது. 2020இல் திறந்தார்கள் என்றால் ‘இட் வாஸ் ஓப்பண்ட் இன் 2020’ தான்.

காலத்தைச் சுமப்பது எப்போதும் இஸ், வாஸ், வில் பி பக்கம்தான். பின்னால் வரும் மூன்றாம் வடிவம் எந்தக் காலத்துக்கும் அசையாது. அதைத் தனியாக உருப்போட்டே ஆகவேண்டும், குறுக்குவழி கிடையாது. கட், புட், ஹிட், ஹர்ட் இவற்றுக்கு மூன்றும் ஒன்றே. ‘ரீட்’டுக்கு எழுத்து ஒன்றே, உச்சரிப்பு ‘ரெட்’. ‘பை’க்குப் பின்னால் ஐ வராது மீ வரும், வீ வராது அஸ் வரும். எனக்கு அஸ் நன்றாகவே வரும் என்பது ஊருக்கே தெரியும்.

‘பை’ எப்போது போடுவது? பரீட்சைக்கு ஒரு பதில், வாழ்க்கைக்கு ஒரு பதில். பரீட்சையில் வாக்கியத்தில் ராமு, டீச்சர், போலீஸ் என்று குறிப்பான ஆள் இருந்தால் எழுதிவிட வேண்டும். சம்ஒன், பீப்பிள், தே என்று முகமில்லாத ஆள் என்றால் விட்டுவிடலாம். ‘சம்ஒன் ஸ்டோல் மை சைக்கிள்’ என்பதை ‘மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்’ என்று எழுதினால் போதும். யாரோ ஒருவனால் என்று எழுதி என்ன ஆகப்போகிறது, திருடியவன் யாரோ ஒருவன்தானே. வாழ்க்கையில், செய்தவர் யார் என்பது படிப்பவருக்குப் புதுச் செய்தியாக இருந்தால் மட்டும் போட வேண்டும்.

இந்தப் பாடம் ஓடும் மாதத்தில் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவேன். ஏரி, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனை எல்லாம் உண்டு, ஆனால் போகும் வழியில் இங்கிலீஷ் போர்டு ஒன்றையும் விடக் கூடாது என்பது நிபந்தனை. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலோரத்துக்குச் சண்டை நடக்கும், பாதிப் பேர் வாந்தி பயத்தில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பார்கள். செய்வினைக்கு எலுமிச்சம்பழம் சரிதான். காபி எஸ்டேட் கேட்டில் ‘ட்ரெஸ்பாசர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்’ என்று இருக்கும். யார் வழக்குப் போடுவார் என்று போர்டில் இல்லை. அதுதான் அதற்குப் பலம். ‘மேனேஜர் வழக்குப் போடுவார்’ என்று எழுதினால் மேனேஜர் ஊரில் இல்லாத நாளில் உள்ளே போகலாமா என்று தோன்றும்.

இதே மாதிரி ஜங்ஷனில் கேட்கும் அறிவிப்பு. ரயில் தாமதமானால் இங்கிலீஷில் ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்று வரும். சிரமம் வருந்தப்படுகிறது. யார் வருந்துகிறார் என்று தேடினாலும் கிடைக்காது. தமிழ் அறிவிப்பு ‘வருந்துகிறோம்’ என்று முடியும். ‘ஓம்’ விகுதியில் ஆள் வந்து நின்றுவிடுகிறார். நான் கேட்கும்போதெல்லாம் தமிழ்க் குரலைத்தான் மன்னிக்கிறேன்.

சில விஷயங்களை விளக்கமில்லாமல் பழக்கத்தில்தான் கொண்டுவர முடிந்தது. ‘ஓப்பன் தி டோர்’ என்ற கட்டளை ‘லெட் தி டோர் பி ஓப்பண்ட்’ ஆகும். பரீட்சை ஹாலுக்கு வெளியே இப்படி யாரும் கதவைத் திறக்கச் சொல்வதில்லை. எழுதிவிட்டு மறந்துவிடலாம். ‘லாஃப் அட்’ மாதிரி ஒட்டுச்சொல் இருந்தால் அது கூடவே வரணும், ‘ஹி வாஸ் லாஃப்ட் அட் பை ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்’ என்று அட்டும் பையும் அடுத்தடுத்து நிற்கும், பிள்ளைகளுக்கு அது தப்பு மாதிரித் தெரியும். ‘தே மேட் மீ வெயிட்’ என்பதைத் திருப்பினால் ஒரு ‘டு’ புதிதாக முளைக்கும், ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்.’ ‘தெரியும்’ என்ற ‘நோ’வுக்கு ‘பை’யைவிட ‘டு’ பொருத்தம், ‘நோன் டு எவ்ரிஒன்.’ ‘ஷி கேவ் மீ எ பென்’ என்பதில் எதை, யாருக்கு என்று இரண்டு பதில் வரும். பேனாவையும் முன்னால் நிறுத்தலாம், என்னையும் நிறுத்தலாம். ‘ஐ வாஸ் கிவன் எ பென்’ என்பதுதான் காதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நம் பிள்ளைகள் அதை நம்பவே மாட்டார்கள். என்னை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று ஒருத்தி பயந்தாள்.

கடையில் என் கதை டெபிட் நோட்டோடு முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆளையே காட்டுவதில்லை. ஒரு பில்லில் விலையைத் தப்பாகப் போட்டது நான்தான். ‘எ மிஸ்டேக் வாஸ் மேட் இன் தி பில்’ என்று எழுதினேன். அந்தப் பார்ட்டி போன் செய்து, தப்பு நடந்தது தெரிகிறது, அங்கே யாரிடம் பேசினால் திருத்துவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்று எழுதியிருந்தால் அந்தப் போனே வந்திருக்காது. தப்பு நம்முடையது என்றால் ஆக்டிவ்தான் சீக்கிரம் வேலையை முடிக்கிறது.

பாசிவ் எனக்குச் சோறு போட்டதும் உண்டு. வடக்கே புதிதாக வந்த ஒரு பார்ட்டி, ஜவ்வரிசி எப்படித் தயாராகிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். அவர்கள் ஊரில் சாபுதானா கிச்சடி சாப்பிடாத விரத நாள் கிடையாது, ஆனால் அது செடியில் காய்க்கிறதா, ஆலையில் செய்கிறதா என்று தெரியாது. ஆலைக்குப் போய் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்து எழுதினேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி கழுவப்படுகிறது. தோல் உரிக்கப்படுகிறது. அரைத்து, பால் வடிகட்டி, திப்பி என்கிற சக்கை தனியாகப் பிரிக்கப்படுகிறது. தொட்டியில் பால் தெளியவிடப்படுகிறது. அடியில் படிந்த மாவு எடுக்கப்பட்டு, குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கப்படுகிறது. சலித்து, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைக்கப்படுகிறது. வாஷ்ட், பீல்ட், க்ரஷ்ட், ஃபில்டர்ட், ரோஸ்டட், ட்ரைட். பக்கம் முழுக்க ஒரு ‘பை’ கூட இல்லை. யார் கழுவினார் என்பது அங்கே விஷயமில்லை, கிழங்குக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம். கண் கிழங்கின் மேல் இருந்தால் பாசிவ் தானாக வருகிறது. திருப்பிப் போட வேண்டிய சட்டையே அங்கே இல்லை. முதலாளி அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லாப் பார்ட்டிக்கும் அனுப்பினார். சம்பளத்தில் 500 ரூபாய் ஏறியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது என்று பேப்பரில் பார்த்தபோது அந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

நான் கடையை விட்டு வந்து நாளாகிவிட்டது. இப்போது அங்கே இருக்கும் பையன் முக்கியமான மெயில்களை மட்டும் அனுப்புவதற்கு முன் வாட்சப்பில் எனக்குப் போடுவான். போன மாதம் ஒன்று வந்தது. ‘தி லோடு ஹேஸ் பீன் சென்ட் பை அஸ்.’ ‘பை அஸ்’ஸை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏங்கண்ணா, நம்மதானே அனுப்புனோம்?"

"ஆமாடா. அது அவங்களுக்கே தெரியும். தார்ப்பாய சரியாக் கட்டியிருக்கான்னு பாத்தியா?"

"கட்டியாச்சுங்கண்ணா."